வழியில் விழுங்கிய நிறம்

இன்றைக்குக் கரிநாள் என்று காலையில் தேதி கிழிக்கும்போதே ஆவுடையம்மாள் பார்த்துவிட்டாள். பார்த்த பிறகும் சங்கரன்கோவிலில் பஸ் ஏறி, கோவில்பட்டியில் இறங்கி, மகள் உலகம்மை வேலை பார்க்கும் பெண்கள் பள்ளிக்கூடத்து ஹாலில் மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்தும் ஆயிற்று. எழுபது வயதில் முதல் தடவையாக நாள் பார்க்காமல் ஒரு காரியத்துக்குப் புறப்பட்டிருக்கிறாள். நாள் பார்த்துச் செய்ததுதான் இருபத்தொரு வருஷமாகத் தொண்டையில் நிற்கிறதே, பார்க்காமல் செய்து இதைவிட என்ன கெட்டுவிடப் போகிறது. மடியில் ஒயர் கூடை. கூடைக்குள் தண்ணீர் பாட்டில், உலகுவுக்குப் பிடித்த சீடை ஒரு டப்பா, அம்மன் கோயில் புற்றுமண் பொட்டலம், எல்லாவற்றுக்கும் அடியில் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு கவர். கூட்டம் முடிந்ததும் அந்தக் கவரை மகள் கையில் கொடுத்துவிட வேண்டும், கொடுத்துவிட்டு ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதானா என்று உள்ளே ஒன்று கேட்டது. தலைக்கு மேலே டக் டக் என்று தட்டிக்கொண்டு சுற்றிய மின்விசிறியைப் பார்த்தாள். எண்ணெய் விட வேண்டிய விசிறி. முன்வரிசைப் பிள்ளைகளின் தலையிலிருந்து தேங்காய் எண்ணெயும் கனகாம்பரமும் கலந்து ஒரு வாடை வந்தது, உலகு பள்ளிக்கூடம் போன நாட்களில் அவளுக்குச் சடை பின்னிவிடும்போது வரும் அதே வாடை. கரும்பலகையில் வெள்ளைச் சாக்கட்டியால் ‘வானியற்பியல்: ஓர் அறிமுகம்’ என்று எழுதியிருந்தது. மகளுடைய கையெழுத்துதான். ‘ற்’ மட்டும் எப்போதும் கொஞ்சம் உயரமாக நிற்கும். பி.எஸ்ஸி முடித்ததும் உலகு ஆராய்ச்சிக் கழகத்துக்கு விண்ணப்பம் அனுப்பிய கவரின் மேல் ‘அனுப்புநர்’ என்று எழுதியதும் இதே கையெழுத்துதான், அந்தக் கவருக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்தது ஆவுடையம்மாளின் விரல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை முழங்கையால் இடித்தாள். “ஆச்சி, சனிப்பெயர்ச்சி பத்தி இவங்க சொல்லுவாங்களா? என் மவ சொன்னான்னு கடைய அடச்சிட்டு வந்திருக்கேன்.” ஆவுடையம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் கசந்துபோனது. “இது அது இல்லம்மா. இவங்க நட்சத்திரத்தையே பாக்கவங்க. நம்மள அது என்ன செய்யும்னு பாக்கதில்ல.” “அப்ப என்னத்துக்கு?” என்றாள் அவள். நியாயமான கேள்விதான். இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை ஆவுடையம்மாளும் கேட்டிருக்கிறாள்.

உலகு மேடையில் ஏறவில்லை. கீழேயே நின்று பேச ஆரம்பித்தாள். காதோரம் நரை, சாயம் போடமாட்டாள். சேலைத் தலைப்பில் சாக்கட்டித் தூள். “வானியல்னா நட்சத்திரம் எங்க இருக்கு, எப்ப உதிக்கும், எப்ப மறையும், அதச் சொல்லும். வானியற்பியல் கேக்கது வேற கேள்வி. அது எதால ஆகியிருக்கு? எவ்வளவு சூடு? எப்படி எரியுது, எப்ப அணையும்? இதுல ஒரு சங்கடம் என்னன்னா, யாரும் அங்க போய்ப் பாக்க முடியாது. தொட முடியாது. ஒரு பிடி அள்ளிட்டு வந்து குப்பியில போட்டுச் சோதிக்க முடியாது. அங்கேருந்து நமக்கு வாரது ஒண்ணே ஒண்ணுதான். வெளிச்சம். உக்காந்த எடத்துல உக்காந்துக்கிட்டு அந்த வெளிச்சத்த வச்சே எல்லாத்தையும் கண்டுபிடிக்கணும்.” உட்கார்ந்த இடத்தில் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிற இந்தப் பிள்ளை, பத்தடி தள்ளிச் சாமி படத்துக்குப் பின்னால் இருந்ததைக் கண்டுபிடிக்கவில்லையே என்று நினைத்தாள். நினைத்ததும் விபூதி பூசிய நெற்றியில் வேர்த்தது. கண்டுபிடிக்கவில்லையா, கண்டுபிடித்துவிட்டுச் சும்மா இருக்கிறாளா? இந்த இடத்துக்கு வந்தால் புத்தி நின்றுவிடும். சும்மா இருக்கிறவள் என்றால் மாசம் ஒரு தடவை வந்து முதுகு தேய்த்துவிட்டு, மாத்திரையை டப்பாவில் கிழமை பார்த்துப் போட்டுவிட்டு, “எம்மா, தனியாக் கெடக்காத, எங்ககூட வந்திரு” என்று சொல்வாளா? சொல்லுவாள். அவள் சொல்லக்கூடியவள்தான். ஒரு நாளாவது எரிந்து விழுந்திருந்தால், சட்டியைத் தூக்கிப் போட்டிருந்தால், இவளுக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். திருப்பூரில் இருக்கிற மகன் போனில் கத்துவான், கத்திவிட்டு மறந்துவிடுவான். உலகு கத்தவே மாட்டாள். “அடுப்புல நீலமா எரிஞ்சாச் சூடு ஜாஸ்தி, செவப்பா எரிஞ்சாக் கம்மி. கேஸ் அடுப்பையும் வெறகையும் பாத்திருக்கீங்கல்ல? நட்சத்திரமும் அப்படித்தான். திருவாதிரை தெரியுமா, செவசெவன்னு இருக்கும். அது வயசாகி வீங்கிப்போன நட்சத்திரம். ஒரு நாள் வெடிக்கும். எப்பன்னு தெரியாது. அதோட வெளிச்சம் இங்க வந்து சேர அறுநூறு வருஷத்துக்குப் பக்கம் ஆகும். அதனால வெடிச்சாலும் நமக்கு ஒடனே தெரியாது.” திருவாதிரை உலகுவின் நட்சத்திரம். திருவாதிரை, மிதுன ராசி என்று இவள் அர்ச்சனைச் சீட்டில் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். வயசாகி வீங்கிப்போனது என்று எந்த அய்யரும் சொன்னதில்லை. ராசியான நட்சத்திரம், சிவனுடைய நட்சத்திரம் என்றுதான் சொன்னார்கள். பக்கத்துப் பெண்பிள்ளை கொட்டாவி விட்டாள்.

“நட்சத்திரம்னா ஒரு இழுபறிதான்,” உலகு இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே வைத்து அழுத்திக் காட்டினாள். “அதோட பாரமே அத உள்ள பாத்து அமுக்குது. உள்ள இருக்க சூடு வெளிய பாத்துத் தள்ளுது. ரெண்டும் சமமா இருக்க வரைக்கும் நிக்கும். வெளிய பாத்தா அமைதியா மினுக்கும். உள்ள ஓயாத சண்டை.” ஆமாம் என்று ஆவுடையம்மாள் தலையாட்டினாள், தன்னை அறியாமல் ஆட்டினாள். கோயிலில் பார்க்கிறவர்கள் ஆவுடையக்கா முகத்தில் என்ன சாந்தம் என்பார்கள். விடிந்ததும் முதல் ஆளாக அம்பாள் சன்னிதியில் நிற்கிறவள், வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறவள். ஆனால் இருபத்தொரு வருஷமாக அம்பாளின் முகத்தை நேரே பார்த்ததில்லை. பாதத்தைப் பார்ப்பாள், பாவாடையின் சரிகையைப் பார்ப்பாள், மூக்குத்திவரை கண் ஏறும், அங்கே நின்றுவிடும். நீயும் சேர்ந்துதானே செய்தாய், உன் காலடியில்தானே வைத்தேன், வேண்டாம் என்று ஒரு பல்லியையாவது சொல்லவைத்தாயா என்று மனசுக்குள் சண்டை ஓடும். ஓடி முடிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். கற்பூரத்தைத் தொட்டு ஒற்றிக்கொள்வாள். மறுநாளும் அதே சண்டை. ஹாலில் சன்னல்களைச் சாத்தினார்கள். ஒரே ஒரு சன்னலில் மட்டும் விரல் கனத்துக்கு இடைவெளி விட்டார்கள், வராந்தாவில் நின்ற பிள்ளை ஒருத்தி கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து வெயிலை உள்ளே அனுப்பினாள். உலகு கையிலிருந்த முக்கோணக் கண்ணாடிக் கட்டியை அந்தக் கீற்றில் வைத்துத் திருப்பினாள், திருப்பினாள், சுவரில் ஒன்றும் விழவில்லை. “மிஸ், ஆச்சி மேல விழுந்திருக்கு,” என்று ஒரு குரல். ஹால் முழுக்கச் சிரிப்பு. குனிந்து பார்த்தாள். அவளுடைய வெளிறிய நூல் சேலையின் மேல், ஒயர் கூடையின் மேல், சரியாக அந்தக் கவர் இருக்கிற இடத்துக்கு நேரே, ஊதாவும் நீலமும் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் வரிசையாகப் படுத்திருந்தன. “எம்மா, அசையாத. அப்படியே இரு. நீதான் இன்னைக்குத் திரை,” என்றாள் உலகு. மறுபடியும் சிரிப்பு. இரண்டு பிள்ளைகள் எழுந்து ஓடிவந்து மடியைக் குனிந்து பார்த்தார்கள். அவள் அசையவில்லை. மூச்சைக்கூட மெல்ல விட்டாள்.

“இது வெறுங்கண்ணுக்குத் தெரியது. நல்ல கருவியில பாத்தா இந்த நெறத்துக்கு நடுவுல மெல்லிசா கறுப்புக் கோடு தெரியும்,” உலகு ஒரு நீளப் படத்தை விரித்துக் காட்டினாள். கோலப்பொடி சிந்தாத இடங்கள் மாதிரி நிறப்பட்டையில் ஆங்காங்கே கறுப்பு இழைகள். “ஏன் கறுப்பு? அந்த எடத்து நெறம் வந்து சேரல. சூரியன்லேருந்து பொறப்பட்டது நெசம். ஆனா வழியில, வெளிப்பக்கம் இருக்க வாயு அத விழுங்கிருச்சு. இரும்புன்னா ஒரு நெறத்த விழுங்கும், சோடியம்னா வேற நெறத்த. ஒவ்வொண்ணுக்கும் ஒரு கோலம் உண்டு, ஒண்ணோடது இன்னொண்ணுக்கு வராது. அதனால எது வரலங்கறத வச்சு, யாரு விழுங்கினதுன்னு சொல்லிரலாம். வந்த வெளிச்சத்த விட வராத வெளிச்சம் நெறையச் சொல்லும்.” ஆவுடையம்மாளுக்குக் காது அடைத்தது. யாரு விழுங்கினது. வண்ணம் இன்னும் மடியில்தான் கிடந்தது, சூடு இல்லாத வண்ணம், ஆனால் தொடை சுடுகிற மாதிரி இருந்தது. இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால், அன்றைக்குக் கொடியேற்றம். ஆடித்தபசுக்குக் கொடி ஏறிய அன்று, ஜூலை பதினேழு, மேளச் சத்தம் தெருவில் போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் தபால்காரர் வந்தார். உலகு குளிக்கிறாள். நீளமான வெள்ளைக் கவர், மேலே இங்கிலீஷ் எழுத்து, முத்திரை. எட்டாவது வரைக்கும் படித்தவளுக்கு மகளின் பெயரும் அந்த வடக்கத்தி ஊரின் பெயரும் படிக்கத் தெரியும். பி.எஸ்ஸி முடித்துவிட்டு அந்த ஆராய்ச்சிக் கழகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டு மூன்று மாசமாக உலகு காத்துக்கிடந்தது இந்தக் கவருக்குத்தான். கொடி ஏறியாகிவிட்டது. கொடி ஏறினால் தபசு முடிகிறவரைக்கும் ஊரைவிட்டுப் போய்த் தங்கக்கூடாது, இது அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறைக் கட்டு. அப்படிப்பட்ட நாளில் ஊரைவிட்டுக் கூப்பிடுகிற காகிதம் வருகிறதே. பதினோராம் நாள் தபசு. அதுவரைக்கும் சாமி படத்துக்குப் பின்னால், அம்பாள் காலடியில் இருக்கட்டும், அம்பாளே தபசில் நிற்கிற நாட்கள், அவளோடு சேர்ந்து இதுவும் நிற்கட்டும், தபசு முடிந்ததும் மங்களமாகப் பிரிப்போம். உள்ளே இருப்பது எங்கே போய்விடப் போகிறது, எழுதினது எழுதினதுதானே. அப்படித்தான் நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாளா? ஆயிரம் மைல் தள்ளி, பாஷை தெரியாத ஊரில், மலைமேல் ஒற்றைக் கட்டடத்தில் பெண்பிள்ளை உட்கார்ந்து நட்சத்திரம் பார்க்கப் போகிறாள் என்று நினைத்துப் பயந்தாளே, அந்தப் பயம் அம்பாள் நினைப்புக்கு முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா? இத்தனை வருஷம் புரட்டிப் பார்த்துவிட்டாள், எது முந்தி என்று தெரியவில்லை. குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே உலகு வந்து கேட்டாள். “எம்மா, தபால் வந்துச்சா?” வந்தது என்றால் பிரிக்கணும் என்று நிற்பாள். “வரல,” என்றாள். ஒரு சொல். கோலத்தில் புள்ளி வைக்கிற மாதிரி சின்னது.

பதினோரு நாள். தினமும் பதினோரு மணிக்கு உலகு வாசல்படியில் வந்து உட்கார்ந்துகொள்வாள். தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமலே கையை ஆட்டிவிட்டுப் போவார். உள்ளே வந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, “தபால் வந்துச்சாம்மா?” என்று ஒப்புக்குக் கேட்பாள், தான் பார்த்ததற்கு மேல் அம்மாவுக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்கிற மாதிரி. “வரல.” நான்காம் நாள் சப்பரம் பார்க்கக்கூட வரவில்லை. ஏழாம் நாள் சாப்பாட்டில் கைவைத்துவிட்டு எழுந்துவிட்டாள். அன்று இரண்டு தடவை சாமி படம்வரை போய்க் கையை நீட்டிவிட்டுத் திரும்பினாள் ஆவுடையம்மாள். நேர்ந்துகொண்டதை நடுவில் முறிக்கக்கூடாதே, இன்னும் நாலே நாள்தானே. தபசு முடிந்த மறுநாள் காலையில், உலகு கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தபோது, கவரை எடுத்து, முதலில் நாமே பார்த்துவிடுவோம், நல்ல சேதியாக இருந்தால் சர்க்கரையோடு சொல்லுவோம் என்று பிரித்தாள். இங்கிலீஷ். நடுவில் ஒரு தேதி மட்டும் தடித்த எழுத்தில். இருபத்தைந்து. முந்தானையில் செருகிக்கொண்டு மருந்துக்கடைப் பிச்சையாவிடம் போனாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார். “எடம் கெடச்சிருக்குக்கா. மாசாமாசம் உதவிப்பணமும் அவங்களே குடுக்காங்க. ஆனா இருபத்தஞ்சுக்குள்ள நேர்ல வந்து சேரணும், வரலன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்னு போட்டிருக்கான். இன்னைக்கு இருபத்தெட்டாச்சே. யாருக்கு வந்தது?” “பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு,” என்றாள். “பாவம்,” என்றார் பிச்சையா. அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது, அந்தப் ‘பாவம்’ இன்னும் போகவில்லை. எழுதிக் கேட்டுப் பார்க்கட்டுமா என்று உலகு அப்பாவிடம் கேட்டதும், “கெடச்சிருந்தா அவன் எழுதியிருக்க மாட்டானா?” என்று அவர் பேப்பரை மடக்கியதும், அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது சொல்லியிருக்கலாம். உலகுவின் அப்பா செத்த அன்று சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வருஷமும் கொடி ஏறும்போது சொல்லியிருக்கலாம். காலடியில் வைத்து எடுத்ததை எரிக்க மனசு வரவில்லை, கிழிக்கக் கை வரவில்லை. படத்தின் முதுகுப் பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் செருகிவிட்டாள். இருபத்தொரு வருஷமாக அந்தப் படத்துக்குத்தான் பூப் போட்டாள். அது எந்தச் சாமிக்குப் போட்ட பூ?

சன்னல்களைத் திறந்துவிட்டார்கள். மடியிலிருந்த நிறங்கள் ஒன்றுமில்லாமல் போயின. கேள்வி கேட்கலாம் என்றாள் உலகு. சூரியன் எப்போது அணையும் என்று ஒருத்தி, வேற்றுக்கிரகத்து ஆள் தமிழ் பேசுவானா என்று ஒருத்தி. “நம்ம பி.டி. மிஸ் விசில் அடிச்சா அவனும் வரிசையில நிப்பான்,” என்றாள் உலகு, ஹால் சிரித்து ஓய ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு ஒல்லிப் பிள்ளை எழுந்தது. “மிஸ், இவ்வளவு தெரியுதே, நீங்க ஏன் மிஸ் அந்த வேலைக்குப் போகல?” ஆவுடையம்மாளின் கை கூடையின் காதை இறுக்கிப் பிடித்தது. உலகு சாக்கட்டியை விரலில் உருட்டினாள். “எழுதிப் போட்டேன். கூப்பிடல. என்னைவிடக் கெட்டிக்காரங்க இருந்திருப்பாங்க. அவ்வளவுதான். கொஞ்ச நாள் கஷ்டமா இருந்துச்சு. நமக்கு அவ்வளவுதான் மூளைன்னு தெரிஞ்சுக்கிட்டா அப்புறம் நிம்மதிதான். அதனாலதான உங்களுக்கு நான் கெடச்சேன்.” பிள்ளைகள் கைதட்டினார்கள். பக்கத்துப் பெண்பிள்ளையும் தட்டினாள், “என்ன குணமா பேசுதாங்க உங்க மவ,” என்றாள். அவ்வளவுதான் மூளை. இடம் போனது என்றுதான் இத்தனை வருஷம் இவள் கணக்கு வைத்திருந்தாள். போனது இடம் மட்டுமில்லை. எட்டாவது படிக்கும்போதே வாத்தியார்களை மடக்கிக் கேள்வி கேட்ட பிள்ளை, தன்னை மட்டமென்று நினைத்துக்கொண்டே நாற்பத்திரண்டு வயதுக்கு வந்து நிற்கிறது, நிம்மதி என்று வேறு அதற்குப் பேர் வைத்திருக்கிறது. கைதட்டல் ஓயவில்லை. அம்மா, தாயே, இந்தச் சத்தத்தை நிறுத்து என்று வேண்டினாள். வேண்டியது யாரிடம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

கூட்டம் கலைந்தது. உலகு பிள்ளைகள் சூழ வந்தாள். “என்னம்மா, திரை வேலை எப்படி? ஒண்ணாவது விளங்குச்சா?” ஆவுடையம்மாள் கூடையின் அடியில் கையை விட்டாள். சீடை டப்பா வந்தது, புற்றுமண் வந்தது, கடைசியில் மஞ்சள் துணி வந்தது. மூன்றையும் ஒன்றாக நீட்டினாள். “புத்துமண்ணா? போன மாசம் குடுத்ததே பிரிக்காம இருக்கும்மா,” என்று சிரித்துக்கொண்டே உலகு துணியையும் பொட்டலத்தையும் டப்பாவோடு சேர்த்துக் கைப்பைக்குள் திணித்தாள். “சரி சரி. நல்ல நேரம் பாத்துத்தான் பிரிக்கணுமா, ராகுகாலம் எத்தன மணிக்கு?” “நேரம் பாக்காண்டாம்,” என்றாள் ஆவுடையம்மாள். உலகு நிமிர்ந்து பார்த்தாள். அம்மா வாயிலிருந்து இப்படி ஒன்று வந்து அவள் கேட்டதில்லை. “ஏட்டி, துணியில இருக்கது புத்துமண் இல்ல. காயிதம். நான் பஸ் ஏறினப்புறம் பிரி.” அதற்குள் “மிஸ், ஹெச்.எம். கூப்பிடுதாங்க” என்று ஒரு பிள்ளை இழுத்தது. உலகு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். தோளில் அந்தப் பை ஆடியது.

ஒரு மணி பஸ்ஸில் சன்னலோரம் கிடைத்தது. வெயில் முகத்தில் அடித்தது, திரையை இழுத்துவிடாமல் அப்படியே இருந்தாள். இந்த வெயில் எட்டு நிமிஷத்துக்கு முன்னால் புறப்பட்டது என்று கேள்வி நேரத்தில் உலகு சொன்னாளே. கவர் இப்போது எங்கே? ஹெச்.எம். அறை மேசையின் மேலா, ஓய்வறையிலா, இன்னும் பைக்குள்தானா? தண்ணீர் பாட்டில் மட்டும் மிஞ்சிய கூடை மடியில் கிடந்தது, லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், முழங்காலில் கல்லை வைத்த மாதிரி இருந்தது. ‘வரல’ என்று ஒரு சொல்லுக்கு வாசல்படியில் உட்கார்ந்து பதினோரு நாள் அந்தப் பிள்ளை என்ன பாடுபட்டிருக்கும் என்பது இந்த இருக்கையில் இப்போதுதான் உடம்புக்குத் தெரிந்தது. கழுகுமலைப் பாறை தெரிய ஆரம்பித்தபோது இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. உலகு. பச்சையைத் தேடித் தேடி அழுத்தினாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும், தூரத்தில் பள்ளிக்கூட மணி. பிறகு, தலையைத் துவட்டிக்கொண்டே வந்து நின்று கேட்பாளே, அந்தக் குரல்.

“எம்மா. தபால் வந்துச்சா?”

“வந்துச்சுட்டி,” என்றாள் ஆவுடையம்மாள். “கொடியேத்தத்தன்னைக்கே வந்துச்சு.”

அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இருபது கிலோமீட்டர்தான் இருக்கும். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, வெயில் கண்ணில் விழ, அவள் காத்திருந்தாள்.